இரண்டாவது அபிப்பிராயம்

சரக்குப் பார்ப்பதில் நம் வியாபாரிகளுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மிளகு மூட்டை வந்து இறங்கினால், மேல்வாயில் கிடப்பதை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர் நம்மில் இல்லை. மூட்டையின் நடுவில் குத்தூசியைச் செலுத்தி, வந்ததை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றிரண்டை மென்று பார்த்த பிறகே பேச்சு. அதிலும் விலை வழக்கத்தைவிட இறக்கமாக இருந்துவிட்டால் சந்தேகம் இரட்டிப்பாகிறது. “இவ்வளவு மலிவாகத் தருகிறானே, என்ன காரணம்?” என்று பக்கத்துக் கடைக்காரரையும் அழைத்துக் காட்டுகிறோம். விலை அதிகமென்றால் வாங்காமல் விட்டுவிடலாம். மலிவென்றால்தான் சோதனை வேண்டும். இது கடைப்பையன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

தேக விஷயத்திலோ இதே மனிதர்கள் தலைகீழாக நடக்கிறார்கள். டாக்டர் ஒருவர், “ஒன்றுமில்லை, போய் வாருங்கள்” என்று சொல்லிவிட்டால், அந்த வார்த்தையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அதே டாக்டர், “சந்தேகமாக இருக்கிறது, உள்ளே குழாய் விட்டுப் பார்க்கவேண்டும்” என்று சொன்னாலோ, படி இறங்குவதற்கு முன்பே வேறொரு டாக்டரின் விலாசத்தை விசாரிக்கிறார்கள். கெட்ட செய்திக்கு இரண்டாவது அபிப்பிராயம் தேவைப்படுகிறது. நல்ல செய்திக்கு முதல் அபிப்பிராயமே போதுமாகிவிடுகிறது. இது நியாயந்தானா என்பதையே இங்கே ஆராய விரும்புகிறோம்.

வெறும் தத்துவமாகப் பேசினால் பயன் குறைவு. ஆகவே ஒரு வியாதிக்குறியை எடுத்துக்கொள்கிறோம். அது சிறுநீரில் இரத்தம் காணுதல். இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் எழுதலாமா என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். எழுதாமல் இருப்பதனால்தான், மாதக்கணக்கில் மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைத்துவைத்து, காலங்கடந்த பின் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஐம்பத்தெட்டு வயதுள்ள ஜவுளி வியாபாரி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இளவயதில் நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட். இப்போது நாலைந்தாகக் குறைத்துவிட்டார். ஒருநாள் ஸுப்ஹுக்கு எழுந்தவர், சிறுநீர் செந்நிறமாகப் போவதைக் காண்கிறார். வலி இல்லை, கடுப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. “கடையில் ஏர்கண்டிஷனில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்காததால் வந்த சூடு” என்று இளநீர் குடிக்கிறார். மறுநாளும் அதே நிறம். மூன்றாம் நாள் வழக்கமான கிளினிக்குக்குப் போகிறார். டாக்டர், “கிருமியாக இருக்கலாம்” என்று ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுக்கிறார். இரண்டு நாளில் நிறம் தெளிந்துவிடுகிறது. அவருடைய மகன், “வாப்பா, எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருதடவை காட்டிவிடுவோமே” என்கிறான். “ஏன் தம்பி, இந்த டாக்டருக்கு என்ன குறைச்சல்? இருபது வருசமாக நம்ம வீட்டு டாக்டர். மருந்து கொடுத்தார், நின்றுவிட்டது. அவர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்?” என்று வாப்பா வாயை அடைத்துவிடுகிறார்.

இந்தப் பதிலில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. ஒன்று, இரத்தம் நின்றுவிட்டது என்பது. மற்றொன்று, டாக்டர் மனம் வருந்துவார் என்பது. இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கவேண்டும்.

முதல் வாதம் செல்லாது. மூத்திரப்பையில் வளரும் கட்டியின் சுபாவமே, ஒருநாள் இரத்தம் கசிந்துவிட்டுப் பல வாரம், சில சமயம் பல மாதம் சும்மா இருப்பதுதான். மாத்திரை சாப்பிடாமல் இருந்தாலும் அது நின்றிருக்கக்கூடும். நின்றதற்கு மாத்திரைதான் காரணம் என்று சொல்ல, முதலில் கிருமி இருந்ததா என்று சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்திருக்கவேண்டும்; மருந்து முடிந்த பின் மறுபடியும் சோதித்து, கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் இல்லை என்று நிச்சயம் செய்திருக்கவேண்டும். நிறம் வெளுத்ததால் மட்டும் தைரியம் கொள்ள இடமில்லை. ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டர் இரத்தம் கலந்தாலே கண்ணுக்குச் சிவப்புத் தெரியும் என்கிறார்கள். அந்த அளவுக்குக் கீழே இருந்தால் மைக்ராஸ்கோப்புக்குத்தான் தெரியும். ஆகவே, நிறம் அதிகமாக இருந்தால் ஆபத்து அதிகம், குறைவாக இருந்தால் ஆபத்து குறைவு என்ற கணக்கும் இங்கே உதவாது.

சிறுநீரில் இரத்தம் கண்டவர்களுக்கெல்லாம் புற்றுநோய் என்று பயமுறுத்துவது நம் நோக்கமன்று. கல், கிருமி, ஆண்களுக்கு வயதான பின் வீங்கும் புராஸ்டேட் சுரப்பி, சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் உண்டாகும் அழற்சி என்று காரணங்கள் பல. சிவப்பு டிராகன் பழத்தைத் தாராளமாகச் சாப்பிட்டவர்களும், பீட்ரூட் சாப்பிட்டவர்களும், காசநோய்க்கு ரிபாம்பிசின் மாத்திரை எடுப்பவர்களும் இரத்தமே இல்லாத செந்நிறத்தைக் கண்டு பதறியதுண்டு. எளிய சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரிய மெய்யான இரத்தம் போன வயதானவர்களைத் தீர விசாரித்துப் பார்த்தால், பத்துப் பேரில் ஒருவருக்கேனும் புற்றுநோய் காணப்படுகிறது. மூத்திரப்பைப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். அதில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைபிடித்தலே காரணம். புகையிலையில் உள்ள நஞ்சு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, மூத்திரப்பையில் மணிக்கணக்காகத் தங்குகிறது. பத்துக்கு ஒன்று மோசம் என்று தெரிந்தால் நம்மில் எந்த வியாபாரி அந்தச் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவார்?

பிரித்துப் பார்ப்பது இன்று அவ்வளவு கடினமுமன்று. மாக்ஸ் நிட்ஸே என்ற ஜெர்மன் வைத்தியர் மூத்திரப்பைக்குள் விளக்கைச் செலுத்திப் பார்க்கும் கருவியை 1879-ல் வியன்னா நகரில் செய்து காட்டினார். அந்நாளில் அது வளையாத உலோகக் குழாய். இன்று வளையும் மெல்லிய குழாய். மரத்துப்போகும் களிம்பைத் தடவிச் சில நிமிஷங்களில் பார்த்துவிடுகிறார்கள். அதோடு சிறுநீரகத்தையும் அதிலிருந்து வரும் குழாய்களையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் மூத்திரப்பைக் கட்டிகளில் நான்கில் மூன்று பங்கு, தசைக்குள் இறங்காமல் மேல்தோலோடு நிற்பவையே. அவற்றை வயிற்றைக் கிழிக்காமல் அந்த வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் மூத்திரப்பையையே எடுக்கவேண்டிய நிலை வரலாம். மேலே சொன்ன வாப்பாவின் முகத்தாட்சண்யத்துக்கு விலை இவ்வளவு.

இனி இரண்டாவது வாதம். டாக்டர் என்ன நினைப்பார்?

இந்தக் கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். நம் வியாபாரமே நாணயத்தின் பேரில் நடப்பது. இருபது வருஷம் கணக்கு வைத்துக்கொண்ட மொத்த வியாபாரியை விட்டு, அறியாதவனிடம் விலை கேட்கப் போவது நமக்கு நெஞ்சைக் குத்தும். குழந்தைக்குக் காய்ச்சலென்றால் நடுச்சாமத்தில் கதவைத் திறந்த டாக்டருக்கு நன்றி இருக்கத்தான் வேண்டும். ஆனால் நன்றி வேறு, அபிப்பிராயம் வேறு. அந்த டாக்டர் தவறு செய்தார் என்றுகூட நாம் சொல்லவில்லை. சிறு கிளினிக்கில் இருப்பவர் நாளொன்றுக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறார். சிறுநீரில் எரிச்சலும் இரத்தமும் என்று வரும் இளவயதுப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கிருமிதான் காரணம்; மாத்திரையில் தீர்ந்துவிடுகிறது. அதிகமாக நடப்பதை முதலில் நினைப்பது அவர் தொழிலுக்கு அழகே. ஐம்பத்தெட்டு வயதுப் புகைப்பழக்கக்காரருக்கு, வலியில்லாமல் வந்த இரத்தத்துக்கும் அதே கணக்கைப் போட்டதில்தான் பிசகு. அந்தப் பிசகைத் திருத்த இன்னொரு கண் வேண்டியிருக்கிறது, அவ்வளவே. நல்ல டாக்டராக இருந்தால், “மேலே பார்த்துவிடலாமா?” என்று நாம் கேட்டதும் தாமே கடிதம் எழுதிக் கொடுப்பார். கேட்டதற்காகக் கோபிப்பவர் என்றால், அந்தக் கோபமே நமக்கு ஒரு தகவல்.

வைத்திய உலகத்தின் பெரியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட மனம் விரிந்தவர்களாக இருந்திருக்கிறார்கள். கி.பி. 925-ஐ ஒட்டிக் காலமான அபூபக்ர் அர்-ராஸி, ஜாலீனூஸ் என்று அரபியில் வழங்கப்படும் கிரேக்க வைத்தியர் காலனைத் தமக்கு மேலான ஆசிரியராக மதித்தவர். அப்படியிருந்தும் காலனின் கூற்றுக்களில் தமக்குண்டான சந்தேகங்களையெல்லாம் தொகுத்துத் தனி நூலாகவே எழுதினார். தமக்கு இவ்வளவு நன்மை செய்த ஆசிரியரை எதிர்த்து எழுத நேர்கிறதே என்ற வருத்தத்தையும் முகவுரையில் மறைக்கவில்லை. ஆயினும், வைத்தியம் கண்மூடி ஏற்கும் விஷயமன்று என்பது அவர் தீர்ப்பு. மரியாதையும் சந்தேகமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவர் தம் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளில், அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருடைய வியாதி பிரசித்தமானது. அவருக்கு ஒழுங்கற்ற காய்ச்சல். ஒரு சமயம் மூன்று நாளைக்கொருமுறை, ஒரு சமயம் ஆறு நாளைக்கொருமுறை. அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் வேண்டியிருந்தது. ராஸி இரண்டு சாத்தியங்களைச் சொன்னார்: இது நான்காம் நாள் காய்ச்சலாக மாறலாம், அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கலாம். சில நாளில் சிறுநீரில் சீழ் போயிற்று. சிறுநீரகந்தான் என்று நிச்சயமாயிற்று. இதில் மகா வைத்தியரின் பெருமையைவிட, அதற்குப் பின் அவர் எழுதியதுதான் நமக்கு வேண்டியது. எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருக்கிறது என்று நோயாளி தம்மிடம் சொல்லவில்லை. தாமும் அதைக் கேட்க மறந்துவிட்டோம் என்று அவர் குறித்துவைத்தார்.

இந்தக் குறிப்பு இரண்டாவது அபிப்பிராயத்தின் உட்பொருளையே நமக்குத் திறந்து காட்டுகிறது. இரண்டாவது டாக்டர் முதல் டாக்டரைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டுமென்பதில்லை. அவர் வேறொரு கேள்வியைக் கேட்கிறார்; அல்லது நோயாளி முதல் தடவை விழுங்கிவிட்ட ஒன்றை இரண்டாம் தடவை சொல்லிவிடுகிறார். பாதி சமயம் இரண்டாவது அபிப்பிராயம் என்பது இரண்டாவது வாக்குமூலந்தான் என்பது நம் எண்ணம். எத்தனை வருஷம் சிகரெட் என்பதை நம்மவர்கள் பாதியாகக் குறைத்துச் சொல்கிறார்கள். ஊரில் இளவயதில் சாயப்பட்டறையில் வேலை செய்ததை, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சம்பந்தம் உண்டு, சாயத் தொழிற்சாலை வேலையாட்களுக்கு மூத்திரப்பைக் கட்டி வருவதை லூட்விக் ரேன் என்ற பிராங்க்ஃபர்ட் வைத்தியர் 1895-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார். மூட்டு வலிக்கென்று மூலிகைக் கடையில் வாங்கித் தின்ற தூளையும் சொல்வதில்லை. அரிஸ்டோலோகிக் அமிலம் அடங்கிய சில மூலிகைகள் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது நிரூபணமானது. பல நாடுகள் அவற்றைத் தடைசெய்திருக்கின்றன. இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், “அந்த மருந்தினால்தான் இரத்தம் போகிறது” என்று தாமே தீர்ப்பளித்துக்கொள்கிறார். அந்த மருந்து சாப்பிடுபவர்களையும் மற்றவர்களைப் போலவே முழுமையாகச் சோதிக்கவேண்டும் என்பதே நிபுணர்களின் விதி. மருந்து இரத்தத்தைப் பெருக்கலாம். கசிந்த இடம் ஒன்று உள்ளே இருக்கத்தானே வேண்டும்.

இன்னொரு ஆட்சேபணை, பெரியவர்கள் சிலர் சொல்வது. “விதித்தது நடக்கும், டாக்டர் மாற்றி டாக்டரிடம் ஓடுவது தவக்குலுக்கு விரோதம்” என்பார்கள். கி.பி. 639-ஐ ஒட்டி ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய காலத்தில் நடந்ததை இவர்கள் அறியாதவர்களல்லர். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடம் வரை வந்துவிட்டார்கள். மேலே செல்வதா, திரும்புவதா? முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் இருவிதமாகச் சொன்னார்கள். பிறகு அன்ஸாரிகளைக் கேட்டார்கள். அவர்களும் இருவிதமாகவே சொன்னார்கள். மூன்றாவதாகக் குறைஷிப் பெரியவர்களைக் கேட்டார்கள். அவர்கள் ஒரே வாயாகத் திரும்பச் சொன்னார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதில் வந்தது. அதற்கும் பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவேண்டாம் என்று நபி (ஸல்) அவர்களிடமே தாம் கேட்டதைச் சொன்னார்கள். அதோடு பேச்சு முடிந்தது, திரும்பிவிட்டார்கள். மூன்று கூட்டத்தாரைக் கேட்டது தவக்குலுக்குக் குறைவாகவில்லை. அறிவு கையில் கிடைத்த பிறகு நான்காவது ஐந்தாவது கூட்டத்தாரைத் தேடவுமில்லை.

இந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்லக் காரணமுண்டு. சமீப காலத்தில் நம்மிடையே பெருகிவரும் வேறொரு வழக்கம் இருக்கிறது. டாக்டர் ஒருவர், குழாய் விட்டுப் பார்த்துக் கட்டி இருக்கிறது, எடுக்கவேண்டும் என்கிறார். உடனே இரண்டாமவரிடம் போகிறார்கள். அவரும் அதையே சொல்கிறார். மூன்றாமவரிடம் போகிறார்கள், அவரும் அதையே சொல்கிறார். பிறகு, “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு மாதம். ஊரிலும் அதையே சொன்னால், கத்தி வைக்காமல் குணப்படுத்தும் ஒரு மூலிகைக்காரரைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் யாரோ சொல்கிறார்கள். அவர் “இது கட்டியே இல்லை” என்கிறார். அவர் சொல்வதுதான் கடைசியில் சரியான அபிப்பிராயமாகிவிடுகிறது! கெட்டிக்கார வைத்தியர்களை விட்டுப் பாமரர்கள் ஏன் போலிகளிடம் போகிறார்கள் என்பதைப் பற்றியும் ராஸி ஒரு சிறு நூல் எழுதவேண்டி வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அதன் தேவை தீரவில்லை.

இப்படி அலைவது அபிப்பிராயம் தேடுவதன்று; அனுமதி தேடுவது. எந்தப் பதில் வந்தால் நிறுத்துவோம் என்று புறப்படும்போதே முடிவு செய்துகொண்டவன், எந்த டாக்டரையும் கேட்கவில்லை. ஆகவே இரண்டாவது டாக்டரின் வாசலில் ஏறுமுன் ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி ஒன்றுண்டு: இவரும் அதையே சொன்னால் நான் கீழ்ப்படிவேனா? ஆம் என்று நெஞ்சு சொன்னால் போகலாம். இல்லையென்றால், டாக்டருடைய காலத்தையும் தம்முடைய காலத்தையும் வீணாக்குகிறார். கட்டி அந்த நாட்களில் சும்மா இருப்பதில்லை.

பெரிய அறுவைக்கு முன் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதை நாம் குறைகூறவில்லை. மூத்திரப்பையையே எடுக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால் கேட்டே ஆகவேண்டும். எடுத்த சதையின் கண்ணாடித் துண்டை வேறொரு நிபுணர் படித்துப் பார்க்கும்படி கேட்கலாம். ஒருவர் படிப்பதற்கும் மற்றவர் படிப்பதற்கும் சில சமயம் பேதமுண்டு. தோலுக்கடியில் சற்றே இறங்கிய ஒருவகைக் கட்டிக்கு, முதலில் சுரண்டி எடுத்த சில வாரங்களில் மறுபடியும் அதே இடத்தைச் சுரண்டிப் பார்க்கவேண்டும் என்பது வைத்திய சாஸ்திரத்தின் வழக்கமான விதி. தன் கண்ணையே முழுக்க நம்பாமல் திரும்பவும் பார்க்கச் சொல்லும் சாஸ்திரம், நோயாளி திரும்பக் கேட்பதற்குக் கோபித்துக்கொள்ளாது.

கேட்கும் முறையிலும் ஒரு மரியாதை உண்டு. சிலர், முதல் டாக்டர் எடுத்த ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் பெட்டியில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு போய், “இவர் என்ன சொல்கிறார் பார்ப்போம்” என்று சோதனை வைக்கிறார்கள். விலை விசாரிப்பதற்கு அந்தத் தந்திரம் சரி; இங்கே அது நம்மையே ஏமாற்றும். செய்த சோதனைகளையே திரும்பச் செய்ய நேரும். ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து, ஏற்கெனவே பழுதடைந்த சிறுநீரகத்துக்கு நல்லதன்று. நம்மில் நீரிழிவுக்காரர்கள் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே காகிதங்கள் அனைத்தையும் கொடுத்துவிட வேண்டும். முதல்வரின் முடிவை மட்டும், புதியவர் தம் மனத்தில் ஒன்றை நிச்சயித்த பிறகு சொன்னால் நல்லது. ஒருவர் தீர்ப்பின் நிழல் மற்றவர் மீது விழாமலிருக்கும். முதல்வரை இகழ்ந்து பேசி இரண்டாமவரைக் குளிர்விக்கப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். கடைத்திண்ணையில் தேநீரோடு கிடைக்கும் அபிப்பிராயங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை இலவசமாகவே கிடைப்பவை.

செலவைப் பற்றிச் சொல்வார்கள். சிங்கப்பூரில் பாலிகிளினிக் கடிதத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் குடிமகனுக்கு உதவிக் கட்டணம் உண்டு. மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கின் கடிதத்தோடு போகும் குடிமகன் ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்கக் கொடுப்பது ஐந்து வெள்ளிக்கு மேற்படாது. காத்திருக்கவேண்டும் என்பது வாஸ்தவமே. காத்திருக்க இயலாத அறிகுறி என்பதைக் கடிதத்தில் எழுதிக்கொடுக்கும்படி டாக்டரைக் கேட்பதில் வெட்கமில்லை.

நம் உயிர் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. கைமாற்றாக வாங்கியதும் கொடுத்ததும் பல சமயம் முதலாளியின் தலைக்குள்தான் இருக்கிறது; ஏட்டில் ஏறுவதில்லை. அவர் திடீரென்று சாய்ந்துவிட்டால் பாதிக்கப்படுகிறவர்கள் மனைவி மக்கள் மட்டுமல்லர். ஆனால் தம் தேகத்துக்கு மூன்று டாக்டரைப் பார்க்கத் தயாராக இருக்கும் மனிதர், மற்றவர் தேகத்துக்கு எத்தனை பேரைப் பார்க்க விடுகிறார் என்பதில்தான் அவருடைய நியாயம் வெளிப்படுகிறது.

வீட்டுப் பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு இரத்தம் கண்டால், மாதவிலக்கு, மாதவிலக்கு நிற்கும் காலம், நீர்க்கடுப்பு என்று பெயர்கள் தயாராக இருக்கின்றன. ஒரே வருஷத்தில் மூன்று நான்கு முறை அதே மாத்திரை. மூத்திரப்பைப் புற்றுநோய் பெண்களுக்குக் குறைவாக வருவது உண்மை. அதனாலேயே வரும்போது தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதும் உண்மை. ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சம், கணவரிடம் சொன்னால் செலவு என்று பயம். பெண் டாக்டரைத் தேடி அழைத்துப்போவது கணவரின் கடமையே தவிர, அவள் வாய் திறந்து கேட்கவேண்டிய உபகாரமன்று.

பிறகு நம் கடைகளில், உணவகங்களில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஆட்களுக்கு முதலாளி வாங்கவேண்டிய வைத்திய இன்சூரன்ஸ், 2023 ஜூலை 1 முதல் வருஷத்துக்குக் குறைந்தது அறுபதினாயிரம் வெள்ளி. அது ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் பகல்நேர அறுவைக்கும் உரியது. ஒர்க் பெர்மிட் ஆளின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பதும் சட்டந்தான். ஆனால் சட்டம் தொடங்குவதற்கு முன்னால், கிளினிக் வாசலில், எல்லாம் நின்றுபோகிறது. அடுக்களையில் நெருப்பின் முன் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர், சிவப்பாகப் போகிறது என்கிறார். கடைக்கு வழக்கமான கிளினிக்கில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. மறுபடியும் போகிறது என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. சொன்னால் பெர்மிட்டை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். தமக்கென்றால் மறுநாளே ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கும் முதலாளி, இவருக்கு, “டாக்டர்தான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே” என்கிறார். அந்த நல்ல செய்தி முதலாளிக்கும் மலிவாகக் கிடைத்த சரக்குத்தான்.

அவரை அனுப்புவதென்றால் சரியாக அனுப்பவேண்டும். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் பெரும்பாலும் வாரநாள் பகலில் நடக்கும். அன்று சம்பளத்தோடு லீவு வேண்டும். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும், டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்றால் துணைக்கு ஒருவர் போகவேண்டும். முதலாளியே போவது பெருந்தன்மைபோல் தோன்றும். ஆனால் முதலாளியின் முன்னிலையில், நாளுக்கு எத்தனை சிகரெட், எத்தனை மாதமாக இரத்தம் போகிறது, ஏன் சொல்லவில்லை என்ற கேள்விகளுக்கு அவரிடமிருந்து மெய்யான பதில் வராது. அவரோடு அறையில் தங்கும், அவர் நம்புகிற ஒருவரை அனுப்புவதே உசிதம். போய்வந்த பின், டாக்டர் எழுதிக் கொடுத்த அடுத்த தேதியை மட்டும் கேட்டு, கடைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டால் போதும்.